நாலு பேருக்கு அடுத்த இடம்

உசிலம்பட்டி வட்டாரத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் நம் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றை அணுகி, "ஞாயிறு திருப்பலிக்கு உங்களைக் காணோமே!" என்று வினவினால் விடை ஆயத்தமாக இருக்கும். மல்லிகை மொட்டுக்கு ஞாயிறும் தெரியாது, திங்களும் தெரியாது. விடியுமுன் தோட்டத்தில் இறங்கி மொட்டைக் கிள்ளியாக வேண்டும். மலர்ந்துவிட்ட பூவைச் சந்தையில் சீந்துவார் இல்லை. எடுத்ததை உசிலம்பட்டிப் பூ மார்க்கெட்டுக்கோ மதுரைக்கோ சுணங்காமல் கொண்டு சேர்க்க வேண்டும். மறுநாள் முகூர்த்தம் என்றால் நாலு காசு கிடைக்கும். கோடையில் வரத்துப் பெருகிவிட்டாலோ எடுத்த கூலிக்கும் கட்டாது.

இந்த விடையை நாம் குறைகூறப் போவதில்லை. பூ எடுக்கும் கைகளை நாம் கண்டிருக்கிறோம். நம் தாயாகிய திருச்சபையும் அவற்றை அறிந்தே இருக்கிறாள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞாயிறு திருப்பலிக் கடமையை முந்தின நாள் மாலைத் திருப்பலியிலேயே நிறைவேற்றலாம் என்று இடம் தருகிறது. நியாயமான காரணம் இருக்குமாயின் அந்தக் கடமையைத் தளர்த்தவும், அதற்கு ஈடாக வேறு பக்திச் செயலைக் குறிக்கவும் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. ஆகவே தோட்டக்காரர் தம் பங்குத்தந்தையிடம் சென்று பேசினால் வழி பிறக்கும். பேசாமல் இருப்பதுதான் பிழை.

நம்மை உண்மையில் உறுத்துவது தோட்டக்காரர் அல்லர். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே ஊரில், பூவும் இல்லை, வயலும் இல்லை. ஆனால் பங்காளி வீட்டில் காதுகுத்து. காலை ஏழு மணிக்கே சட்டை மடிப்புக் கலையாமல் புறப்பட்டாயிற்று. கோவில் மணி அடிப்பது காதில் விழுகிறது. "ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பங்காளி கோபித்துக்கொள்வான்" என்று சொல்லிச் சிரித்தார் ஒருவர். அவர் நல்லவர். தினமும் படுக்குமுன் சிலுவை அடையாளம் வரையத் தவறாதவர். அவருடைய அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை பொதிந்திருக்கிறது என்பதை அவரே சிந்தித்திருக்க மாட்டார். கோபித்துக்கொள்ளாதவருக்கு இரண்டாம் இடம், கோபித்துக்கொள்பவருக்கு முதலிடம்!

செய்முறை என்பது இந்தச் சீமையில் எத்துணை வலுவானது என்பதை வெளியூர் வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். காதுகுத்து, சடங்கு, கலியாணம், புதுமனை புகுவிழா, கேதம் என்று எதுவாயினும், யார் என்ன செய்தார் என்பது நோட்டில் ஏறும். பெட்டிக்குள் பட்டுச் சேலைக்கு அடியில் அந்த நோட்டுப் பத்திரமாக இருக்கும். வீடு தீப்பற்றினால் முதலில் எடுக்கப்படுவது அதுதானோ என்று நாம் எண்ணுவதுண்டு. தகப்பன் வாங்கியதை மகன் திருப்பிச் செய்கிறான். செய்யாவிட்டால் முகத்தில் விழிக்க முடியாது. இவ்வழக்கத்தை நாம் இழிவாகப் பேசவில்லை. வங்கி எட்டிப் பாராத காலத்தில் வட்டியில்லாமல் ஏழைக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டது இதுவே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் மாமன் செய்த தொகையைக் காசு பிசகாமல் நினைவில் வைத்திருக்கும் நம் குடும்பத் தலைவருக்கு, தம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற நாள் நினைவில் இல்லை. பங்கு அலுவலகப் பதிவேட்டைப் புரட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற ஒரு கேள்வி நம் வீடுகளில் ஆட்சி செலுத்துகிறது. அந்த நாலு பேர் யார்? பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. பழைய காலத்தில் அந்தச் சொல்லுக்கு நல்ல பொருளே இருந்தது: கடைசிப் பயணத்தில் தோள் கொடுக்க நாலு பேர் வேண்டும், ஆகவே ஊரோடு ஒத்து வாழ் என்பது அதன் கருத்து. தோள் கொடுக்க வேண்டியவர்கள் காலப்போக்கில் நம் தோள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பத்துக் கட்டளைகளுள் முதலாவதை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். அதைக் கேட்டவுடன் கல்லிலும் மரத்திலும் செய்த உருவங்களை நினைத்துக்கொண்டு, நமக்கும் அக்கட்டளைக்கும் வழக்கில்லை என்று நிம்மதியடைகிறோம். ஆண்டவருக்கு உரிய இடத்தில் வேறொன்றை வைக்கலாகாது என்பதே அதன் உட்பொருளானால், நம் வீடுகளில் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த நாலு பேர்தாம்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குப் பேருந்தில் வருவோர் செக்கானூரணியைத் தாண்டியதும் கருமாத்தூரில் ஒரு கல்லூரியைக் காண்பார்கள். இயேசு சபையார் 1970-ஆம் ஆண்டு தொடங்கிய அருள் ஆனந்தர் கல்லூரி அது. நம் பிள்ளைகள் பலர் அங்கே பயின்றவர்கள். சான்றிதழில் அச்சான அப்பெயருக்கு உரியவரைப் பற்றி, "ஓரியூரில் வெட்டுண்டு இறந்தவர்" என்பதற்கு மேல் எத்தனை பேர் சொல்வார்களோ தெரியாது. அவரை அந்த மரணத்துக்கு இட்டுச்சென்றது ஒரு குடும்ப விவகாரம். ஆகவே குடும்பங்களுக்கு உரிய இந்தப் பக்கத்தில் அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

லிஸ்பன் நகரில் 1647-ஆம் ஆண்டு பிறந்த ஜான் தெ பிரிட்டோ, சிறுவயதில் போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசர் பேத்ருவின் தோழராக வளர்ந்தவர். அவர் இந்தியாவுக்குப் புறப்படுவதைத் தடுக்கத் தாயாரே முயன்றார். பிள்ளைப் பாசம், அதை யார் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் நாலு பேரில் முதல் ஆளாக நம் தாயே நிற்கும் நேரமும் உண்டு என்பதற்கு இது சான்று. அவர் புறப்பட்டு வந்துவிட்டார். மதுரை மறைத்தளத்தில் பணிபுரிந்து, 1686-இல் சிறையும் சித்திரவதையும் கண்டார். பின்பு சபைப் பணிக்காக ஐரோப்பா சென்றபோது, அரசராகிவிட்ட பழைய தோழர் பேத்ரு அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அரண்மனைச் சோறு, அரசரின் நட்பு, பெற்ற தாயின் அருகாமை எல்லாம் ஒருபக்கம். தம்மை வதைத்து அனுப்பிய மறவர் சீமை மறுபக்கம். 1690-இல் அவர் மீண்டும் இங்கே வந்து சேர்ந்தார்.

ஒன்றை மறவாதிருப்போம். இவர் நம் வழக்கங்களைக் கண்டு முகம் சுளித்தவர் அல்லர். காவி உடுத்து, புலால் தவிர்த்து, பண்டாரச் சாமியாக ஊர் ஊராக நடந்தவர். ஆண்டவருக்கு முதலிடம் என்றால் ஊரையும் உறவையும் வெறுப்பது என்று எண்ணுவோருக்கு அவருடைய காவி ஆடையே பதில்.

மறவர் சீமையில் தடியத்தேவர் என்ற பிரபு நோயுற்றுக் கிடந்தார். அவர் வேண்டுகோளின்பேரில் அருள் ஆனந்தர் ஓர் உபதேசியாரை அனுப்பிவைத்தார். உபதேசியார் படுக்கையருகே நற்செய்தியை வாசித்துச் செபித்தார், நோய் நீங்கியது. தேவர் திருமுழுக்குக் கேட்டார். இதுவரை எளிது. நோய் தீர்ந்தவர் நேர்ச்சை செலுத்துவது எந்த ஊரிலும் நடப்பதுதானே! ஒரு கிடாயோ ஒரு மணியோ கேட்டிருந்தால் தேவர் தயங்கியிருக்க மாட்டார். அருள் ஆனந்தர் கேட்டது வேறு. தேவருக்கு மனைவியர் பலர். கிறிஸ்தவராக வேண்டுமானால் ஒருத்தியுடன் மட்டுமே வாழ வேண்டும் என்றார்.

அந்தக் காலத்துப் பிரபு ஒருவருக்குப் பல மனைவியர் என்பது வெறும் ஆசை விவகாரம் மாத்திரம் அன்று. ஒவ்வொரு திருமணமும் ஓர் உடன்படிக்கை. ஒவ்வொரு மனைவிக்குப் பின்னாலும் ஒரு குடும்பம், ஒரு கோட்டை, வேலும் வாளும் ஏந்திய ஆட்கள். இளைய மனைவியோ சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். அவளை விலக்குவது என்றால் அரசரின் முகத்தில் அறைவதற்கு ஒப்பாகும். இன்று நாம் பங்காளி கோபிப்பான் என்று அஞ்சுகிறோம்; அவருக்கு அஞ்ச வேண்டியவர் சேதுபதி. தேவர் எத்தனை இரவு தூங்காமல் புரண்டிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். முடிவில் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று திருமுழுக்குப் பெற்றார்.

இளையவள் அரசரிடம் முறையிட்டாள். இரண்டு நாளில் அருள் ஆனந்தர் கைதானார். இராமநாதபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டப்பட்டார். அன்று திருநீற்றுப் புதன். 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் நம் மக்கள் நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள்.

ஓரியூர்த் திருநாளில் இவ்வரலாறு மேடையேறும்போதெல்லாம் அந்த இளைய மனைவி பொல்லாதவளாகவே காட்டப்படுகிறாள். நமக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவள் செய்த பழியை நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவள் நிலையில் நின்று ஒருமுறை பார்ப்போம். மணம் முடித்து வாழ்ந்தவள் ஒருநாள் விலக்கப்படுகிறாள். அவளுக்கு அங்கே ஆண்டவரின் அருள் தெரிந்திருக்காது, தன் அவமானமே தெரிந்திருக்கும். முதலிடத்தை ஆண்டவருக்குக் கொடுத்தவர் கணவர். விலையில் ஒரு பங்கைச் செலுத்தியவள் அவள். ஆண்டவருக்காக என்று நாம் எடுக்கும் முடிவின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று பார்ப்பதும் நம் கடமை. பக்திச் சபை, தியானம், திருயாத்திரை என்று ஊர் ஊராகச் செல்லும் நம் சகோதரர் சிலர், வீட்டில் நோயாளித் தாயாரைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதையும் மனைவிமேல் போட்டுவிட்டுச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். அது முதலிடமா, வசதியான இடமா என்று அவர்கள் மனைவியரைத்தான் கேட்க வேண்டும்.

நாலு பேருக்கு அஞ்சுவதன் விலையையும் அதிகமாகச் செலுத்தியவர்கள் பெண்களே. உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் அடிபட்ட காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1986-இல் 'இந்தியா டுடே' இதழ் இவ்வூர்ப் பக்கத்தில் பிறந்த பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைப் பற்றி எழுதிற்று. சேலம், தருமபுரிப் பக்கங்களிலும் நடந்த கொடுமைக்கு உசிலம்பட்டி ஒன்றே தலைகுனிந்து நின்றது. அது நியாயமன்று. ஆயினும் நடக்கவில்லை என்று சொல்லவும் நமக்கு நாவில்லை.

ஏன் நடந்தது? பெற்ற வயிறு கல்லாகிவிட்டதா? இல்லை. முன்னாளில் இவ்வட்டாரத்தில் மாப்பிள்ளை வீட்டாரே பெண்ணுக்குப் பரியம் கொடுத்து மணந்தார்கள். பெண் பிறந்த வீட்டுக்கு அவள் பாரம் அல்லள். பிற்காலத்தில் அது தலைகீழாக மாறி, நகை, ரொக்கம், சீர்வரிசை என்று வளர்ந்தது. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாலு பேர் அந்தச் சட்டத்தை அறிந்துகொள்ளவில்லை. திருமணத்தோடும் முடிவதில்லை. முதல் பொங்கல், வளைகாப்பு, பேரன் காதுகுத்து என்று தாய் வீட்டுச் சீர் தொடர்ந்துகொண்டே போகும். பெண் பிறந்த அன்றே இந்தப் பட்டியல் முழுவதும் தகப்பன் கண்முன் நின்றது. "குறைவாகச் செய்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்விதான் தொட்டிலருகே வந்து நின்றது. 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கருவிலேயே பெண்ணென்று அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இல் மத்தியச் சட்டமும் வந்தது. தொட்டிலும் சட்டமும் பல உயிர்களைக் காத்திருக்கின்றன, நன்றி. ஆனால் அந்தக் கேள்வியை எந்தச் சட்டத்தாலும் கைது செய்ய முடியாது.

இதை வாசிக்கும் நம் குடும்பங்கள், "நாங்கள் அப்படிச் செய்தவர்கள் அல்லவே" என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். மகனுக்குப் பெண் பார்க்கும்போது, "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் மகளுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று சொல்லும் அந்த இனிய வாக்கியம் எத்தனை கத்தோலிக்க வீடுகளில் ஒலிக்கிறது! அதன் பொருள் பெண்ணைப் பெற்றவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கடன் வாங்கப் புறப்படுகிறார். திருமண ஓலை மூன்று ஞாயிறும் கோவிலில் வாசிக்கப்படுகிறது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கும்படி கேட்கப்படுகிறது. கடன் பத்திரத்தை யாரும் தடையாகத் தெரிவிப்பதில்லை.

இங்கே நம் மக்களின் ஓர் இக்கட்டையும் சொல்லியாக வேண்டும். இவ்வட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். ஒரே வீட்டில் அண்ணன் வேறு சமயம், தம்பி நம் சமயம் என்பதும் உண்டு. திருநீற்றுப் புதனன்று மைத்துனர் வீட்டில் கிடாய் வெட்டி விருந்து வைக்கிறார்கள். இலை போட்டாயிற்று. அன்று நமக்கு ஒருசந்தி; இறைச்சியும் விலக்கு. "நாலு பேர் நடுவில் இலையை விட்டு எழுந்திருக்க முடியுமா சாமி?" என்று நம்மைக் கேட்டவர் உண்டு. எழுந்திருக்க வேண்டியதில்லை. முதல் நாளே மைத்துனரிடம், "நாளைக்கு எனக்கு விரதம், மாப்பிள்ளை, வருகிறேன், செய்முறை செய்கிறேன், சோறும் ரசமும் போதும்" என்று சொன்னால், அவரே பந்தி மேற்பார்வையாளரிடம் சொல்லிவைப்பார். விரதம் என்ற சொல்லை நம் நாட்டில் மதிக்காதவர் யார்? தம் குலசாமிக்காகப் புலால் நிறுத்துகிறவர்கள் நம் விரதத்தையும் அறிவார்கள். நாம் வெட்கப்படுவதைக் கண்டால்தான் அவர்களும் அதை வெட்கத்துக்குரியது என்று எண்ணத் தொடங்குகிறார்கள்.

உசிலம்பட்டியை அடுத்த ஒரு கிராமத்தில் நாம் கண்ட காட்சி ஒன்று. மாலை ஏழு மணி. ஓட்டு வீடு, திண்ணையில் நாம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பாட்டியம்மா பேரப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் செபமாலை தொடங்கியிருந்தார்கள். இரண்டாம் தேவரகசியம் நடந்துகொண்டிருந்தபோது வாசலில் ஆட்கள் வந்தார்கள். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை. இல்ல விழாவுக்கு அழைக்க வந்த உறவினர், வேறு சமயத்தவர். எண்ணிப் பார்த்தோம்: சரியாக நாலு பேர்!

பாட்டியம்மா எழுந்திருக்கவில்லை. செபத்தையும் நிறுத்தவில்லை. பேத்தியைக் கண்ணால் பார்த்தார்கள். அவள் ஓடிப்போய்ப் பாயை எடுத்து விரித்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவசரக்காரர்கள்; இன்னும் எத்தனை வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்க வேண்டுமோ! ஆனாலும் உட்கார்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளைகளின் குரல் ஏறி இறங்கியது. ஐந்தாம் தேவரகசியமும் மன்றாட்டும் முடிந்து, பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாட்டியிடம் தோத்திரம் சொல்லி நெற்றியில் சிலுவை அடையாளம் பெறும்வரை கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அதன் பிறகு பாட்டியம்மா வெளியே வந்து, "வாங்கய்யா, வாங்க. காக்க வச்சுட்டேன்" என்றார்கள். பத்திரிகையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, கட்டாயம் வருவதாகச் சொன்னார்கள். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்ட மூத்தவர் படி இறங்கியவர் திரும்பி நின்றார்.

"ஆத்தா, எம் மக மாசமா இருக்கா. அடுத்த மாசம் எதிர்பாக்குறோம். அந்தப் பிள்ளைக்கும் ஒரு மணி உருட்டுங்க" என்றார்.

"பொட்டப் புள்ளையாப் பெறக்கட்டும்யா" என்றார்கள் பாட்டியம்மா.

அவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "பெறக்கட்டும் ஆத்தா" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.